மேயரின் வாலில் இருபத்து மூன்று புள்ளிகள்

ஊஸ்டர்டீப்,
ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லியூவே அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ஃபோல்கெர்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், ஆஃப்கே நலம், தங்கள் வீட்டு ஜன்னல் செடிகள் நலம், மீன்தொட்டியில் உள்ள சிப்பிகள் மூன்றும் நலம். அங்கே காட்டு நடுவில் இருக்கும் அந்த ஓய்வு இல்லத்தில் தாங்களும் தங்கள் புது இடுப்பும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பில் மேயர் பெயரைக் காணோமே என்று நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படிப்பீர்கள், எனக்குத் தெரியும். மேயர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை உட்கார்ந்து படியுங்கள். உட்கார மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை என்றால் படுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று சனிக்கிழமை மீன்வளர்ப்போர் கழகத்து நடுவர் தங்கள் வீட்டுக்கு வந்து, தொட்டி முன்னால் உட்கார்ந்து, மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். முடிவை இந்த வரியிலேயே எழுதிவிடலாம். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால், எண்பத்தேழாம் வருடம் பாய்மரம் ஒடிந்தபோது என்னைப் பற்றி என்ன சொன்னீர்களோ அதையே மறுபடியும் சொல்வீர்கள். அன்று நான் காவல் பார்த்த தூக்குப்பாலத்தில் படகுகளுக்கான விளக்கு சிவப்பாக இருந்தது என்பேன் நான். பச்சை என்பீர்கள் நீங்கள். நான் பாலத்தை இறக்க, உங்கள் புதுப் படகின் புதுப் பாய்மரம் அதில் மாட்டி இரண்டாகப் போனது. முப்பத்தாறு வருடமாக நம் இரண்டு வீட்டுப் பிறந்தநாள்களிலும் யாராவது அறை விளக்கைப் போட எழுந்தால்கூட மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்ட என்னிடம், அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது வீட்டுச் சாவியையும் தொட்டியையும் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். வேறு ஆள் கிடைக்காததால்தான் என்கிறாள் ஆஃப்கே. இருக்கட்டும். எனக்கு அது பெரிய விஷயம், மச்சான். பதினொரு வருடமாக இரண்டாம் இடத்திலேயே நிற்கிறீர்கள், இந்த முறையாவது அந்தப் பௌகேயின் அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்து வந்து உங்கள் ஜன்னலில் வைத்துவிட்டால் பாய்மரக் கணக்கு தீர்ந்துவிடும் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் நீங்கள் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போன தாள் எனக்கு மனப்பாடம். எறும்பு ஊர்ந்ததுபோல் நாற்பத்தொரு கட்டளை. மூன்று: கண்ணாடியைத் தட்டாதீர்கள். ஒன்பது: கால்வாயிலிருந்து எதையும் கொண்டுவந்து தொட்டியில் போடாதீர்கள். பன்னிரண்டு: மீனைக் கையால் தொடாதீர்கள், தொட்டே ஆகவேண்டும் என்றால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். பதினேழு: தினமும் காலையில் சிப்பிகளை எண்ணுங்கள், மூன்று இருக்கவேண்டும், ஒன்று செத்து அழுகினாலும் தொட்டியே போய்விடும். இருபத்து மூன்று: கொல்லைப்புறப் பீப்பாயில் உள்ள பச்சைத் தண்ணீர் தினம் ஒரு குவளை, சிப்பிகளுக்கு அதுதான் சாப்பாடு. நாற்பத்தொன்று, தாளின் கடைசி வரி: மாப்பிள்ளை, பதறாதீர்கள். எல்லாவற்றையும் செய்தேன். கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் செய்ய முடியவில்லை.

முப்பத்தெட்டு வருடம் தண்ணீரை மேலே இருந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். பக்கவாட்டில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கீழே இவ்வளவு நடக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. கெண்டைக் குடும்பத்தில் போயும் போயும் ஒரு கசப்புக்கெண்டை, கட்டைவிரல் நீளம், வாயில் வைத்தால் பூனைகூடத் துப்பிவிடும். அதை ஏன் மச்சான் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார் என்று நான் நினைத்தது உண்டு. வசந்தம் வந்ததும் அதன் வயிறு சிவந்து, முதுகு ஊதாவாகி, விலாவில் ஒரு பச்சைக்கோடு மின்ன, பதவிச் சங்கிலி போட்ட மேயர்போல் அது சிப்பியைச் சுற்றிச் சுற்றிக் காவல் காப்பதைப் பார்த்த பிறகு நான் நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெண்கெண்டை ஒரு நீளமான குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, சிப்பியின் திறந்த வாய்க்குள் முட்டையை வைத்துவிட்டுச் சாவகாசமாகப் போகிறாள். சிப்பி மூன்று வாரம் அவள் பிள்ளைகளைச் சுமக்கிறது. வாடகை கிடையாது, கேட்பாரும் கிடையாது. பாலத்தில் எழுதியதுபோலவே ஒரு நோட்டுப் போட்டு நேரம் குறித்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். ஆஃப்கே அதைப் படித்துவிட்டு, "கல்யாண நாள் ஞாபகம் இல்ல, மீன் ஒன்பது பதினாலுக்குக் கல்லுல உரசுனது மட்டும் எழுதி வச்சிருக்கீங்க!" என்றாள். அந்த ஒன்பது பதினான்கில்தான் விஷயம் ஆரம்பித்தது.

மே பதினாறு, காலை 9.14. மேயர் கல்லில் மூக்கை உரசினார். உற்றுப் பார்த்தால் மூக்கின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்களுக்குத் தொலைபேசலாம் என்றால் ஆஃப்கே, "அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு. மீன் பேச்சை எடுத்தீங்க, அப்புறம் உங்களுக்குத்தான் இடுப்புல ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டாள். உங்கள் கழகத்து ஹார்மைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மீன்களெல்லாம் செடிக்குப் பின்னால் ஓடிவிட்டன. "யோவ், இது நோவு இல்லய்யா, கல்யாண மரு. வசந்தத்துல ஆண் மீனுக்கு மூக்குல வரும். மாப்பிள்ளைக்குச் சந்தனம் வச்சிருக்கான், நீ வைத்தியனைக் கூப்பிடுற" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சம்பவம் ஊரில் மூன்று நாள் ஓடியது. ரொட்டிக் கடைக்காரி என் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் மீதிச் சில்லறை கொடுத்தாள்.

ஆகையால் மே இருபதாம் தேதி மேயரின் வால் ஓரத்தில் புள்ளிகளைப் பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அனுபவசாலியாகிவிட்டேன் அல்லவா! ஆஃப்கேயின் பூத்தையல் கண்ணாடியை, அந்தக் கழுத்தில் மாட்டும் பெரிய லென்ஸை, எடுத்துப் போய் எண்ணினேன். வாலில் பதினேழு, அடித்துடுப்பில் ஆறு. மொத்தம் இருபத்து மூன்று. மூக்கில் இருக்கும் மரு மழுங்கலாக இருக்கும். இவை உப்புக்கல்லைவிடச் சிறியவை, ஓரத்தைக் கவ்விப் பிடித்ததுபோல் இருந்தன. மீன் பேனாக இருக்குமோ என்று பார்த்தால், பேன் என்றால் தட்டையாக, ஊர்ந்து இடம் மாறும் என்று உங்கள் அலமாரிப் புத்தகம் சொல்கிறது. இவை நகரவில்லை. இரண்டு நாள் பார்த்தேன், மூன்று நாள் பார்த்தேன், நாள் தவறாமல் இருபத்து மூன்று. மேயர் நன்றாகச் சாப்பிட்டார், ஆனால் அவ்வப்போது வாலைச் செடியில் தேய்த்தார். உடம்பில் எதையோ சுமந்துகொண்டு வேலைக்குப் போகிற ஆள்போல இருந்தது எனக்கு. நடுவர் வர இரண்டு வாரமும் இல்லை.

இருபத்து நான்காம் தேதி ஆஃப்கேயின் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆஃப்கேக்கு வாழ்த்துச் சொல்லி, ஆஃப்கேயை மனைவியாகப் பெற்றதற்காக எனக்கு வாழ்த்துச் சொல்லி, அவளைத் தெரிந்திருப்பதற்காக ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. காபியும் ஆளுக்கொரு துண்டு கேக்கும் வந்தன. பேச்சு வானிலையைத் தாண்டி, சைக்கிள் பாதையைத் தாண்டி, உங்கள் இடுப்புக்கு வந்து நின்றபோது நான் தாங்க முடியாமல், பெயர் சொல்லாமல், "ஒரு மீனோட வால்ல வெள்ளைப் புள்ளி இருந்தா என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"வெள்ளைப் புள்ளின்னா வெள்ளைப்புள்ளி நோய்தான்யா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஹார்ம். "நீல மருந்து ஊத்து. மூணு நாள் சும்மா விட்டேன்னா நூறு புள்ளி ஆகும். நாலாம் நாள் மேயரைப் பேப்பர்ல சுத்தித் தோட்டத்துல புதைக்கணும்."

"மருந்தெல்லாம் வேணாம், உப்பு போடு" என்றார் எதிர்வீட்டு ஓபே. "எங்கப்பா பல்வலிக்கும் உப்பு, மாட்டுக் குளம்புக்கும் உப்பு. தொண்ணூத்தி மூணு வயசு வரைக்கும் இருந்தார்."

ஆஃப்கேயின் பெரியப்பா மகள் கீசினா குறுக்கே வந்தாள். "எங்க வீட்டு மீனுக்கு வந்தப்ப நான் ஹீட்டரை முப்பதுல வச்சேன். ரெண்டே நாள், எல்லாம் போச்சு."

"புள்ளியா?"

"புள்ளியும் போச்சு."

"மீனு?" என்று ஹார்ம் விடவில்லை.

"மீனும் ஒண்ணு ரெண்டு போச்சு. ஆனா புள்ளி போச்சுல்ல?"

குரல்கள் ஏற ஆரம்பித்தன. ஆஃப்கே கேக் கத்தியை மேசையில் வைத்தாள். "என் பிறந்தநாளும் அதுவுமா சண்டை வேணாம். பாதி மருந்து, பாதி உப்பு, பாதி சூடு. எல்லாருக்கும் பாதி. சரிதானே?" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் அணை கட்டுவதிலிருந்து தெரு விளக்கு வைப்பது வரை எல்லாம் இப்படித்தானே முடிவாகிறது? யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, யாருக்கும் கோபமும் இல்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தண்ணீருக்குள் இருப்பவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் இருந்தேன். இடது கையில் ஓபே கொடுத்த உப்பு, வலது கையில் ஹார்ம் கொடுத்த மருந்துப் புட்டி, தரையில் கீசினாவின் ஹீட்டர். ஊற்றுவதற்கு முன் நோட்டில் எழுத வேண்டுமே என்று லென்ஸை மாட்டி எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். மேயர் திரும்பியபோது அந்தப் பக்கமும் எண்ணினேன். இருபத்திரண்டுதான். ஹார்ம் கணக்குப்படி இன்றைக்கு நூறைத் தாண்டியிருக்க வேண்டும். கூடவில்லை, குறைந்திருக்கிறது! நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம், ஆனால் இருபத்து மூன்று படகு பாலத்துக்குள் வந்து இருபத்திரண்டு மட்டும் வெளியே போனால், அந்த ஒன்று எங்கே போனது என்று தெரியாமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. உப்பைக் கீழே வைத்தேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்தைவிட அது எங்கே போயிருக்கும் என்ற குடைச்சல் பெரிதாகிவிட்டது.

உங்கள் பக்கத்து வீட்டு ரென்ஸ்கே தண்ணீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா? வேலிக்கு மேல் எட்டிக் கூப்பிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவள் அப்படியே உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு உப்பையும் புட்டியையும் ஹீட்டரையும் பார்த்தாள்.

"இதெல்லாம் ஊத்திட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்ல. ஆனா நேத்து எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோமே, நீயும் வட்டத்துல தானே இருந்தே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஹார்ம் மாமால ஆரம்பிச்சு வரிசையா வந்துக்கிட்டிருந்துச்சு. நான் கதவுப் பக்கம் கடைசி. என் முறை வர்றதுக்குள்ள பாலாடைக்கட்டியும் தொட்டுக்கக் கடுகு விழுதும் வந்துருச்சு. பேச்சு மாறிப்போச்சு."

முறை வரவில்லையாம்! அவளையும் குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி, சைக்கிள் கூடையில் துண்டு சுற்றி எடுத்து வந்தாள். உங்கள் சமையலறையின் வெள்ளைப் பாத்திரம் ஒன்றில், சோப்பு படாமல் நான்கு தடவை அலசிவிட்டு, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, மேயரை வலையில் ஏந்தி (கையை நனைத்துக்கொண்டேன், கட்டளை பன்னிரண்டு) அதில் விட்டோம். வெள்ளை அடிப்பாகத்தில் எது விழுந்தாலும் தெரியும் என்பது அவள் யோசனை. அரைமணி நேரம் இரண்டு பேரும் பாத்திரத்துக்கு மேல் குனிந்து நின்றோம். மேயர் ஓர் உதறு உதறினார். தூசியளவு ஏதோ ஒன்று அடியில் கிடந்தது. உறிஞ்சுகுழலால் எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, அவள் பார்த்தாள். பிறகு தள்ளி நின்று, "நீங்களே பாருங்க" என்றாள்.

மச்சான், உள்ளே ஒரு சிப்பி இருந்தது. முழுச் சிப்பி. மணல் துகளைவிடச் சின்னது. இரண்டு ஓடும் இருக்கிறது, நடுவிலே கீல்கூட இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டைத் திறந்து, நாக்குபோல ஒரு காலை வெளியே நீட்டி, கண்ணாடியைத் தடவிப் பார்த்து, உடம்பை இழுத்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தது.

"நடக்குது!" என்று கத்திவிட்டேன்.

"நடக்கும். இத்தனை நாள் சவாரி பண்ணிச்சுல்ல, இனிமே அதுதான் நடக்கணும்" என்றாள் ரென்ஸ்கே. "மணல்ல இருக்கிற மூணுல ஒண்ணு அம்மா. அது குஞ்சை ஆயிரக்கணக்குல தண்ணியில விட்டுரும். மீன் வால்ல ஒட்டிக்கிட்டதுதான் பொழைக்கும், மத்ததெல்லாம் போச்சு. சில வாரம் மீன் உடம்புல இருந்து வளர்ந்துட்டு, தானா இறங்கிப் போயிரும். இருபது முப்பது இருந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான்."

"அப்போ இது ஒட்டுண்ணி இல்லையா?"

"ஒட்டுண்ணிதான். ஆனா இது வேலையை முடிச்சு ஓய்வு வாங்கிட்ட ஒட்டுண்ணி. உங்களை மாதிரி."

"மருந்து ஊத்தியிருந்தா?"

"முதல்ல சிப்பிங்க செத்திருக்கும். அதுக்குள்ள இருக்கிற மீன்குஞ்சும் செத்திருக்கும். சிப்பி அழுகி மேயரையும் கொண்டு போயிருக்கும்."

"பாதி மருந்து?"

"பாதிப் பாதியா செத்திருக்கும், மாமா."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். மீன் தன் பிள்ளைகளைச் சிப்பி வயிற்றில் வைக்கிறது. சிப்பி தன் பிள்ளைகளை மீன் வாலில் ஏற்றுகிறது. இதில் யார் யாருக்கு ஒட்டுண்ணி? யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் யாரையும் விரட்டவும் இல்லை, அரித்தால் செடியில் ஒரு தேய்ப்பு, அதோடு சரி. நானும் நீங்களும் ஒரு பாய்மரக் குச்சிக்காக முப்பத்தாறு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அதை உங்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லத் தொலைபேசி கூடாது என்று உத்தரவு. நோட்டில் எழுதினேன்: மே 25, மாலை 6.40, ஒரு பயணி இறங்கினார், நலம்.

அந்தப் பயணியை மணலில் விட்டோம். அதன்பின் தினமும் ஒன்று, இரண்டு என்று குறைந்தது. ஆனால் கிழமை நமக்காகக் காத்திருக்குமா? வெள்ளிக்கிழமை, அதாவது நடுவர் வருவதற்கு முந்தின நாள் மதியம், எண்ணினால் இன்னும் பதினொன்று. ஹார்ம் வந்தார். ரென்ஸ்கே சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷன், தன் மருந்துப் புட்டியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இங்க பாரு. தொட்டியில எதுவும் ஊத்த வேணாம். மேயரை மட்டும் ஒரு பக்கெட்டுல விடு, நல்ல உப்புத் தண்ணி, பத்து நிமிஷம். அந்தப் பதினொண்ணும் செத்து உதிர்ந்துரும். மேயருக்கு ஒண்ணுமில்ல, சிப்பிக்கும் ஒண்ணுமில்ல. நாளைக்கு வால் சுத்தம். கோப்பை உன் மச்சானுக்கு. புள்ளியோட பார்த்தா அந்த நடுவரம்மா நாலு மார்க்கைக் கத்தரிச்சுருவா."

சரியான யோசனை, மச்சான். ஓட்டையே இல்லாத யோசனை. பக்கெட்டில் உப்பைக் கரைத்தேன். வலையைக் கையில் எடுத்தேன். உங்களைப் பற்றித்தான் நினைத்தேன், சத்தியமாக. கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு, நீங்கள் கைத்தடியோடு உள்ளே வரும்போது ஒன்றும் தெரியாததுபோல் காபி ஊற்ற வேண்டும் என்று. மேயர் வலைக்குள் வந்துவிட்டார். அந்தப் பதினொன்றும் வால் ஓரத்தில் வரிசையாக இருந்தன, படகில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்போல. நான் ஒன்றை நடக்கப் பார்த்துவிட்டேனே! பார்க்காமல் இருந்திருந்தால் முக்கியிருப்பேன். ஆள் இருக்கிற படகின் மேல் பாலத்தை இறக்க என்னால் முடியாது. வலையைத் திரும்பத் தொட்டியிலேயே கவிழ்த்துவிட்டேன்.

"முட்டாப் பய" என்றார் ஹார்ம். ஆனால் போகும்போது பக்கெட்டை அவரே எடுத்துப் போய் வாசல் நடைபாதையில் கொட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நடுவர் திருமதி வெஸ்தர்ஹாஃப் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. 9.52க்கு வாசலில் கார் வந்து நின்றது. பத்து அடிக்கும் வரை காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மணி அடித்தார். ஒரு காபி, ஒரு பிஸ்கெட். இரண்டாவதை வேலை முடியட்டும் என்றார். செடிகளைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், பச்சைத் தண்ணீர்ப் பீப்பாயை மோந்துகூடப் பார்த்தார். சிப்பி பின்னால் ஒளிந்திருந்த மேயர் சரியாக அந்த நேரம் பார்த்து முன்னால் வந்து வாலை விரித்தார். பதவியில் இருப்பவர்களே இப்படித்தான்.

"வால்ல இருக்கிறது என்ன?"

"ஒட்டுண்ணிங்க."

"நீங்களே சொல்றீங்க?"

"ஆமா. பத்து. நேத்து பதினொண்ணு இருந்துச்சு. ஒண்ணு இறங்கிருச்சு" என்று நோட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கீசினாவின் ஹீட்டர் வரை.

அவர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். "சிப்பிக்குஞ்சுன்னு எனக்கும் தெரியுது. இருபது வருஷமா வீடு வீடாப் போறேன், ஒரு தொட்டியிலயும் பார்த்ததில்ல. ஆனா என் தாள்ல சிப்பிக்குஞ்சுன்னு ஒரு கட்டம் இல்லையே, ஒட்டுண்ணின்னுதானே போட்டிருக்கு" என்றார். பேனாவை எடுத்து நான்கு மதிப்பெண்ணைக் கழித்தார். பிறகு பேனாவை மூடி, இரண்டாவது பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு, ஆஃப்கேயின் லென்ஸைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டி, தொட்டி முன்னால் மண்டியிட்டார். அடுத்த வீட்டில் பதினொன்றரைக்கு அவர் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டுக்குத்தான் எழுந்தார். எனக்குத் தெரிந்து அவர் ஓர் இடத்துக்குத் தாமதமாகப் போவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். பௌகே முதல். நாம் இரண்டாவது. வித்தியாசம் மூன்று மதிப்பெண். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். நான் வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தால் கோப்பை இப்போது உங்கள் ஜன்னலில் இருந்திருக்கும். பாய்மரத்தை ஒடித்தவனே கோப்பையையும் விட்டான் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். ஈடாக என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்கிறேன். அன்று பாலத்தில் விளக்கு பச்சையாக இருந்தது. பச்சை. இருந்திருக்கலாம் என்றுகூட எழுதவில்லை, இருந்தது என்றே எழுதுகிறேன். அடுத்த பிறந்தநாள் வட்டத்தில், என் முறை வரும்போது, எழுந்து நின்று சொல்கிறேன்.

தங்கள் இடுப்பு எல்லாப் படிகளும் ஏறட்டும். இரவில் நல்ல தூக்கமும் பகலில் நல்ல காபியும் கிடைக்கட்டும். ஆஃப்கே அன்பைச் சொல்லச் சொன்னாள், ஹார்ம் வணக்கம் சொல்லச் சொன்னார், மேயர் வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை.

என்றும் தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
ஃபோல்கெர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் இது நடந்தது. நீங்கள் வருவதற்கு முன் வீட்டைக் கூட்டித் துடைக்க ஆஃப்கே வந்தாள். சோப்பு வாங்கவேண்டும், பால் வாங்கவேண்டும் என்று எழுதத் தாள் தேடி, ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த உங்கள் கட்டளைத் தாளை உருவினாள். "பின்பக்கம் சும்மாதானே இருக்கு, எதுக்கு இன்னொரு பேப்பரை வீணாக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள். பின்பக்கம் சும்மா இல்லை. அவள் யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டாள், நான் கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

"நாற்பத்திரண்டு: மே கடைசியில் மேயரின் வாலில் வெள்ளைப் புள்ளிகள் வரலாம். வந்தால் எதுவும் செய்யாதீர்கள். ஆறு வருடமாக அதற்காகத்தான் சிப்பி வளர்க்கிறேன். தினமும் எண்ணி எழுதி வையுங்கள், எண்ணுவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. நாற்பத்து மூன்று: நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். குறைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது பிஸ்கெட் கொடுங்கள். நாற்பத்து நான்கு: ஆஃப்கே, இதை நீதான் படித்துக்கொண்டிருப்பாய். மாப்பிள்ளை தாளைத் திருப்ப மாட்டார், பதறாதீர்கள் என்ற இடத்திலேயே நின்று பதறிக்கொண்டிருப்பார். நான் அறுவை மேசையிலிருந்து எழுந்து வராவிட்டால் மட்டும் அவரிடம் சொல், அன்று விளக்கு சிவப்புதான். எழுந்து வந்துவிட்டால் சொல்லாதே."

மச்சான், மேலே பச்சை என்று எழுதிய இடங்களை எல்லாம் பேனாவால் அடித்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லையும் அடித்துவிட்டேன். சிவப்பு. தாளைத் திரும்ப ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறேன், பின்பக்கம் வெளியே தெரியும்படி. இது தெரிந்ததும் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருப்பேன் என்று நினைத்தேன். ஒரு காபி குடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. இன்று காலைக் கணக்குப்படி புள்ளிகள் ஒன்பது. நாளுக்கு ஒன்று வீதம் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் பார்க்க ஒன்றாவது மிச்சம் இருக்கவேண்டுமே என்று எனக்கு அடித்துக்கொள்கிறது. சீக்கிரம் வாருங்கள்.